இரும்பு ஃபில்டர்: மணலை மாற்றும் முன் ஒரு வாளியும் கடிகாரமும்

கோலாலம்பூரை ஒட்டிய உலு கிள்ளான் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு மாடி வீடு. குழாய்க்கிணற்றுத் தண்ணீர். வீட்டின் பின்புறம் 10 அங்குல விட்டமும் 54 அங்குல உயரமும் உள்ள ஃபைபர் டேங்க், அதற்குள் பிர்ம் மீடியா (இரும்பைப் பிடிக்கும் மணல் போன்ற மணிகள்), தலையில் கையால் திருப்பும் வால்வு. நாலு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது குளியலறை டைல்ஸில் மஞ்சள் கோடு, பள்ளிச் சட்டையில் பழுப்புக் கறை, மாடி ஷவரில் தண்ணீர் நூலாக இறங்குகிறது. வீட்டார் கேட்டது ஒன்றுதான்: "மணல் செத்துப்போச்சு, புதுசு போட்டுடலாமா?"

இந்த நோய்க்குறிகளைப் பார்த்ததும் மணலை மாற்றுவதுதான் வழக்கம். ஆனால் மணல் தானாகச் சாவது குறைவு. சரியாகக் கழுவப்படாமல் மூச்சடைத்துக் கிடப்பதே அதிகம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது மீடியா போட்டால் அதுவும் ஒரு வருடத்தில் இதே கதிக்கு வரும். அதனால் டேங்கின் தலையில் கை வைக்கும் முன் செய்த சோதனைகளை முதலில் விரிவாகச் சொல்கிறேன். மாற்றும் வேலை அதற்குப் பிறகு.

முதலில் இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். நிலத்துக்கடியில் காற்று படாத இடத்தில் இரும்பு உப்பைப் போல் கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாக மாறி மஞ்சளாகும். கிணற்றடிக் குழாயை 5 நிமிடம் திறந்துவிட்டு, பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். பிடித்தபோது தெளிவாக இருந்து, கொஞ்ச நேரம் கழித்து மஞ்சளானால் அது கரைந்த இரும்பு. பிடிக்கும்போதே மஞ்சளாக இருந்தால் அது ஏற்கெனவே துருவானது. இரண்டுக்கும் மருந்து வேறு. துருத் துகள்களைச் சாதாரண மணலே பிடித்துவிடும். கரைந்த இரும்பு மணலின் வழியே தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். அதைத் துருவாக்கி நிறுத்துவதற்குத்தான் மேங்கனீஸ் டயாக்சைடு பூசிய பிர்ம், கிரீன்சாண்ட் போன்ற மீடியா.

கோலாலம்பூரில் பெரும்பாலான வீடுகளில் ஓடுவது ஆயர் சிலாங்கூர் நிறுவனத்தின் குழாய்த் தண்ணீர். தண்ணீர் வெட்டு முடிந்து குழாயைத் திறந்ததும் வருகிற பழுப்புத் தண்ணீர், பழைய குழாய்களின் உட்புறத்தில் படிந்த துரு பெயர்ந்து வருவது. அதற்குப் பிர்ம் தேவையில்லை. தேவையில்லாதது மட்டுமல்ல, குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் பிர்மின் பூச்சையே தின்றுவிடும். மலேசியக் குடிநீர்த் தர அளவுப்படி சுத்திகரித்த தண்ணீரில் லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை குளோரின் எஞ்சியிருக்கலாம். எனவே நகரக் குழாய்த் தண்ணீர் ஃபில்டருக்குள் "இரும்பு மீடியா" போடச் சொல்லி யாராவது வந்தால், குளோரினைப் பற்றிக் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

இந்த வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர் பிடித்தோம்: கிணற்றடியில், காற்றூட்டும் தொட்டியின் (கிணற்றுத் தண்ணீர் ஃபில்டருக்குப் போகும் முன் விழுந்து நிற்கும் தொட்டி) அடிக்குழாயில், ஃபில்டருக்குப் பிறகு. ஒரே இடத்தில் பிடித்துப் பார்ப்பதால் எந்தப் பயனும் இல்லை. எந்தக் கட்டத்தில் வேலை நடக்கவில்லை என்று அது சொல்லாது. சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சாதாரணக் கிட் போதும். கிணற்றடியில் இரும்பு லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, 7க்குக் கீழே போகப் போகப் புளிப்பு) 6.3. தொட்டியில் இரும்பு 2.5, பிஎச் 6.4. ஃபில்டருக்குப் பிறகு இரும்பு 1.2. மலேசியத் தர அளவு இரும்புக்கு 0.3, மேங்கனீஸுக்கு 0.1.

இதில் கண்ணை உறுத்த வேண்டியது ஃபில்டருக்குப் பிறகு வந்த எண் அல்ல, நடுவில் தொட்டியில் வந்த எண். கிணற்றிலிருந்து தொட்டிக்கு வந்த பிறகும் பிஎச் கிட்டத்தட்ட நகரவில்லை. நிலத்தடி நீரில் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) கரைந்திருக்கும், அதுதான் பிஎச்சைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். தண்ணீர் சிதறி விழுந்தால் கரிவளி பறந்து பிஎச் ஏறும், ஆக்சிஜன் உள்ளே போகும். இரண்டுமே பிர்முக்கு வேண்டும். பிர்ம் வேலை செய்ய பிஎச் குறைந்தது 6.8 இருக்க வேண்டும். ஒரு மில்லிகிராம் இரும்பைத் துருவாக்க 0.14 மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகும். நம் வெப்பத்தில்கூடக் காற்றோட்டமான தண்ணீரில் லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் நிற்கும் என்பதால், தண்ணீரை நன்றாகச் சிதற விட்டாலே தேவைக்கு மிஞ்சிக் கிடைக்கும். பிஎச் விஷயம் அப்படியில்லை. பிஎச் ஒன்று குறைந்தால், காற்றினால் இரும்பு துருவாகும் வேகம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காக இறங்கிவிடும்.

தொட்டியின் மூடியைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. உள்ளே வரும் குழாயில் ஒரு நீளப் பைப்பைச் சொருகி, அதன் வாய் தண்ணீருக்குள் மூழ்கும்படி விட்டிருந்தார்கள். இரவில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக. சத்தம் நின்றது, காற்றூட்டமும் நின்றது. பைப்பைக் கழற்றிவிட்டு அகலமான ஷவர் தலை ஒன்றைப் பொருத்தி, நிரம்பிய நிலையிலும் தண்ணீர் 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும்படி மிதவையை இறக்கி வைத்தோம். மறுநாள் தொட்டியில் பிஎச் 6.9. எல்லையைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். தாராளம் என்று சொல்ல முடியாது.

பிஎச் இந்த ஊரில் இடத்துக்கு இடம் மாறும். பத்துமலையைச் சுற்றியும் நகரின் நடுப்பகுதியிலும் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அங்கே கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்து கடினத்தன்மை கூடியிருக்கும், பிஎச் பெரும்பாலும் 7க்கு மேல் நிற்கும். உலு கிள்ளான், அம்பாங் மலைப்பக்கம் கருங்கல். அங்கே தண்ணீர் கடினத்தன்மை குறைந்தது, புளிப்பானது. பத்துமலையில் ஒருவருக்குச் சரியாக ஓடும் ஃபில்டரை அப்படியே பார்த்து உலு கிள்ளானில் வைத்தால் ஓடாது. காற்றூட்டிய பிறகும் பிஎச் 6.8ஐத் தொடாவிட்டால், பிர்ம் டேங்குக்கு முன்னால் கேல்சைட் என்னும் சுண்ணாம்புக்கல் மணல் போட்ட தனி டேங்க் வேண்டும். அது கரைந்துகொண்டே போகும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டம் பார்த்துக் கூடப் போட வேண்டும்.

வாளிக் கணக்கு

அடுத்தது பேக்வாஷ். ஃபில்டரில் தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கும், துரு மேல் அடுக்கில் பிடிபடும். பேக்வாஷில் கீழிருந்து மேலே ஏறும். அந்த வேகத்தில் மீடியா முழுவதும் மிதந்து, 20 முதல் 40 சதவீதம் வரை உயர்ந்து, மணியோடு மணி உரசித் துருவை உதிர்க்க வேண்டும். மிதக்காவிட்டால் மேலோட்டமாகக் கொஞ்சம் அழுக்கு வெளியேறும். நிறம் தெளிந்ததைப் பார்த்து "கழுவியாச்சு" என்று வால்வைத் திருப்பிவிடுவோம். அடியில் எல்லாம் அப்படியே இருக்கும்.

எவ்வளவு வேகம் வேண்டும்? பிர்முக்குச் சதுர அடிக்கு நிமிடத்துக்கு 10 முதல் 12 அமெரிக்க காலன். மேல் அளவைப் பிடித்து டேங்கின் குறுக்களவால் கணக்கிட்டால் 8 அங்குல டேங்குக்கு நிமிடத்துக்கு 16 லிட்டர், 10 அங்குலத்துக்கு 25, 12 அங்குலத்துக்கு 36, 13 அங்குலத்துக்கு 42. ஆனால் இந்த எண்கள் குளிர்ந்த தண்ணீருக்கு எழுதப்பட்டவை. நம் தண்ணீர் 28, 30 டிகிரியில் இளகியிருக்கும், அதே வேகத்தில் மணலை அவ்வளவு தூக்காது. கால் பங்காவது கூட்டிக்கொள்ளுங்கள். 10 அங்குல டேங்குக்கு நிமிடத்துக்கு 31 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 20 லிட்டர் சாய வாளி 39 வினாடிக்குள் நிரம்ப வேண்டும். டேங்கைத் திறக்காமல், ஒரு காசு செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. ஃபில்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தம் வாளி எத்தனை வினாடியில் நிரம்புகிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இந்த வீட்டில் நிரம்ப 1 நிமிடம் 50 வினாடி ஆனது. நிமிடத்துக்கு 11 லிட்டர். தேவையில் மூன்றில் ஒரு பங்கு. நாலு வருடமாக இந்த டேங்க் ஒருமுறைகூட உண்மையில் கழுவப்படவில்லை என்று அர்த்தம்.

காரணம் வெளியேற்றும் குழாய். வால்வின் வாய் 1 அங்குலம். அதில் குறைப்பான் போட்டு அரை அங்குலத் தோட்டக் குழாயை மாட்டி, சுவரோரமாக 7 மீட்டர் இழுத்து, லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) விட்டிருந்தார்கள். நடுவில் இரண்டு இடத்தில் மடிப்பு. வெளியேறும் வழி ஒடுங்கினால் பம்ப் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. குழாயைக் கழற்றிவிட்டு 1 அங்குல பிவிசி பைப்பை, வளைவுகளைக் குறைத்து, சரிவாகப் போட்டோம். முனை லோங்காங் தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது. ஒரு சாண் உயரத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் விழும் நேரத்தில் சாக்கடைத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். இப்போது வாளி 46 வினாடி. பம்பின் உறிஞ்சு குழாயில் இருந்த வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால் துருச்சேறு அப்பியிருந்தது. அதைக் கழுவியதும் 38 வினாடி.

சில வால்வுகளில் வெளியேறும் வாய்க்குள் ஒரு சிறு ரப்பர் வில்லை இருக்கும், வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்காக. 8 அங்குல டேங்குக்கான வால்வை 10 அங்குல டேங்கில் மாட்டினால் அந்த வில்லையே தடையாகிவிடும். குழாய் பெரிதாக இருந்தும் வாளி மெதுவாக நிரம்பினால் அங்கே பாருங்கள்.

தொட்டியின் கொள்ளளவும் முக்கியம். நிமிடத்துக்கு 31 லிட்டர் வீதம் 10 நிமிடம் பேக்வாஷ், பிறகு 3 நிமிடம் ரின்ஸ் (மேலிருந்து கீழே ஓடவிட்டு அலசி வெளியே விடுவது) என்றால் 350, 400 லிட்டர் வேண்டும். 300 லிட்டர் தொட்டியை வைத்துக்கொண்டு பேக்வாஷ் செய்தால் நடுவில் தண்ணீர் தீர்ந்து பம்ப் காற்றை இழுக்கும். கிளறிவிட்ட அழுக்கு அப்படியே மீடியாவின் மேல் படியும். கழுவாமலே விட்டிருக்கலாம் என்று ஆகிவிடும்.

மீடியா உயிரோடு இருக்கிறதா?

இரண்டு குறைகளும் சரியான பிறகு 15 நிமிடம் வீதம் மூன்று முறை பேக்வாஷ் கொடுத்தோம். முதல் தடவை தேத்தாரே (பால் தேநீர்) நிறத்தில் வந்தது. ஒருநாள் விட்டுச் சோதித்தபோது ஃபில்டருக்குப் பிறகு இரும்பு 0.6. பாதியாகக் குறைந்தது, ஆனால் போதாது. அப்போதுதான் டேங்கைத் திறந்தோம்.

மேல் அடுக்கில் எலுமிச்சைப் பழ அளவுக்குத் துருவும் மீடியாவும் சேர்ந்த கட்டிகள். நல்ல பேக்வாஷிலும் கரையாத அளவுக்கு இறுகியிருந்தன. டேங்கின் சுவரோரமாக ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தால் ஓரிடத்தில் தடையின்றி இறங்கியது. தண்ணீர் தனக்கென ஒரு வழியை அறுத்துக்கொண்டு, மீடியாவைத் தொடாமலே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

கட்டிகளை நீக்கிவிட்டு, இடையிலிருந்து ஒரு கைப்பிடி மீடியாவை எடுத்து, தண்ணீரில் பலமுறை அலசி, மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை அதன் மேல் ஊற்றினோம். மேங்கனீஸ் டயாக்சைடு பூச்சு உயிரோடு இருந்தால் சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்ததுபோல் நுரைத்துப் பொங்கும். துரு மட்டும் இருந்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழி விடும். ஒப்பிட்டுப் பார்க்கப் புது மீடியா ஒரு கரண்டி பக்கத்தில் இருந்தால் சந்தேகமே வராது. இங்கே பழையது சோம்பலாகத்தான் குமிழ்விட்டது. மணிகளும் கறுப்பு போய்ச் சாம்பல் நிறமாக வெளுத்திருந்தன, உள்ளே இருக்கும் கல்லின் நிறம்.

நாலு வருடத்தில் பிர்ம் இப்படி வெளுக்கக் கூடாது. விசாரித்ததில், மழைவெள்ளம் கிணற்றடியில் ஏறிய ஒரு சமயம் கிணற்றுக்குள் குளோராக்ஸ் வெளுப்பு நீரை ஊற்றிச் சுத்தம் செய்திருக்கிறார்கள், ஃபில்டரை பைபாஸ் செய்யாமல், அதாவது தண்ணீர் ஃபில்டருக்குள் போகாமல் சுற்றிப் போகும்படி திருப்பாமல். கிணற்றைக் குளோரினால் கழுவுவது சரியான காரியம்தான். 5.25 சதவீத வெளுப்பு நீர் 1 லிட்டரை 1000 லிட்டர் தண்ணீரில் கலந்தால் லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம் குளோரின் ஆகும். ஓர் இரவு ஊறவிட்டு, வாடை போகும்வரை இறைத்து வெளியே விட வேண்டும். அதுவரை பிர்ம் டேங்க் பைபாஸில் இருக்க வேண்டும். கழிவறைத் தொட்டிக்குள் வழவழவென்று காவிநிறப் பாசி படிந்தால் அது இரும்புப் பாக்டீரியா. அப்போதும் இதே வைத்தியம், இதே எச்சரிக்கை.

ஆக, இந்த வீட்டில் மீடியாவை மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் முதல் நாளே மாற்றியிருந்தால், மூழ்கிய பைப்பும் தோட்டக் குழாயும் அப்படியே இருந்து புது மீடியாவையும் அடைத்திருக்கும்.

மாற்றும் வேலை

10 அங்குல டேங்கில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய அரை லிட்டர் மீடியா பிடிக்கும். 42 லிட்டர் போட்டால் 83 சென்டிமீட்டர் உயரம் வரும். மேலே, மீடியா உயரத்தில் பாதியளவு காலியாக விட்டால்தான் பேக்வாஷில் மீடியா எழும்ப இடம் இருக்கும். "டேங்க் நிறையப் போட்டால் நல்லா வடிகட்டும்" என்பது தவறு. எழும்ப இடமில்லாத மீடியா லோங்காங்குக்குப் போகும், அல்லது இறுகும். பிர்ம் 28 லிட்டர் மூட்டையாக வரும், ஒன்றரை மூட்டை போதும். அதன் எடை மொத்தம் 28, 30 கிலோ. அடியில் 2 முதல் 4 மில்லிமீட்டர் சரளை 6 லிட்டர், சுமார் 9 கிலோ. இவை தவிர, வால்வுக்கான ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தொகுதி, அடி ஸ்ட்ரெய்னர் (மீடியாவை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் சல்லடை) ஒன்று, சிலிக்கோன் கிரீஸ். கிரீஸுக்குப் பதில் வாஸ்லின் தடவாதீர்கள், ரப்பர் ஊதிவிடும்.

டிபி பெட்டியில் (வீட்டின் மின்சாரப் பெட்டியில்) பம்பின் சுவிட்சை அணைத்து, பைபாஸைத் திறந்து, டேங்கின் இரு பக்க பால் வால்வுகளையும் மூடினோம். வால்வை பேக்வாஷ் நிலைக்குத் திருப்பினால் உள்ளிருக்கும் அழுத்தம் இறங்கும். இதைச் செய்யாமல் தலையைக் கழற்றினால் தண்ணீர் முகத்தில் அடிக்கும். யூனியன்களை (குழாய் இணைப்புகளை) கழற்றிவிட்டு, தலையை இரு கையாலும் பிடித்து இடப்பக்கம் திருப்பினால் போதும். இறுகியிருந்தால் பட்டை சாவி. பைப் ரெஞ்சு போட்டால் பிளாஸ்டிக் கழுத்து வெடிக்கும்.

தண்ணீரும் மீடியாவும் சேர்ந்து டேங்க் 80 கிலோவைத் தாண்டும். தனியாகச் சாய்க்க முயலாதீர்கள். முதலில் சைஃபன் வைத்து மேலே நிற்கும் தண்ணீரை எடுத்தோம். பிறகு இரண்டு பேர் பிடித்து டேங்கைப் பழைய கம்பளத்தின் மேல் படுக்க வைத்து, வாய்ப்பக்கம் சற்றுத் தாழ இருக்கும்படி சரித்து, தண்ணீர்க் குழாயை உள்ளே விட்டுப் பீய்ச்சினால் மீடியா வழிந்து வரும். வாயின் கீழே ஒரு கொசுவலை விரித்துப் பிடியுங்கள். இது லோங்காங்குக்குப் போனால் அடுத்த மழைக்கு அடைக்கும். பழைய மீடியாவைச் சாக்கில் கட்டிக் குப்பையில் போட்டோம். நடுவில் இருக்கும், அடியிலிருந்து தண்ணீரைத் தலைக்குக் கொண்டுவரும் ரைசர் பைப்பை இழுத்துப் பிடுங்காதீர்கள். மீடியா இறங்க இறங்க அது தானாகத் தளரும். பிடுங்கினால் அடியில் உள்ள ஸ்ட்ரெய்னர் உடையும். அந்த விரிசல் கண்ணுக்குப் படாது. பிறகு வீட்டுக் குழாய்களில் கறுப்பு மணிகள் வரும்போதுதான் தெரியும்.

டேங்கின் உட்புறத்தைச் சோப்பில்லாமல் கழுவினோம். ரைசரின் துருவைச் சிட்ரிக் அமிலம் கலந்த வெந்நீரில் ஊறவைத்து எடுத்தோம். வெளுப்பு நீரால் துருக்கறையைக் கழுவ முயலாதீர்கள். குளோரின் இரும்பை இன்னும் இறுக்கிக் கறையை நிலையாக்கும். டைல்ஸுக்கும் பள்ளிச் சட்டைக்கும் இதே விதிதான். வெளுப்பு நீரையும் அமிலத்தையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும்.

புது ஸ்ட்ரெய்னரை ரைசரில் ஒட்டி, பழைய பைப்பின் நீளத்தை அளவாக வைத்து வெட்டினோம். 5 மில்லிமீட்டர் குறைந்தாலும் தலையில் உள்ள ஓ-ரிங்குக்குள் சரியாகப் போய் உட்காராது. அந்த இடைவெளியில் கிணற்றுத் தண்ணீர் வடிகட்டப்படாமல் நேராக வீட்டுக்குள் போகும். புது மீடியா போட்ட மறுநாளும் இரும்பு இறங்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ரைசரின் வாயைத் துணி சுற்றி டேப்பால் அடைத்து, டேங்கின் அடிக்குழியில் நடுவாக நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் இருந்தால் சரளை விழும் அடியை அது தாங்கும். 1.5 லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்தால் நல்ல புனல். முதலில் சரளை, டேங்கை மெல்லத் தட்டிச் சமப்படுத்தி, பிறகு மீடியா. ரைசர் சாயாமல் ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிரப்பியதும் டேப்பைப் பிரிக்க மறக்காதீர்கள்.

கழுத்தின் புரியில் ஒட்டியிருக்கும் மணிகளை ஈரத்துணியால் துடைத்தெடுத்தோம். ஒரு மணி ஓ-ரிங்கின் கீழே சிக்கினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். ஓ-ரிங்கில் சிலிக்கோன் கிரீஸ் மெலிதாகத் தடவி, தலையைக் கையால் மட்டும் இறுக்கினோம். டேங்கைத் தண்ணீரால் மெதுவாக நிரப்பி இரவு முழுக்க ஊறவிட்டோம். உலர்ந்த மணிகளுக்குள் காற்று இருக்கும். ஊறாமல் பேக்வாஷ் கொடுத்தால் அவை மிதந்து வெளியே போய்விடும்.

முதல் பேக்வாஷை வால்வைப் பாதியளவு திறந்து 3 நிமிடம், பிறகு முழுவதும் திறந்து 15 நிமிடம் கொடுத்தோம். முதலில் கருந்தூள் வரும், பயப்பட வேண்டாம். தெளியும்வரை விடுங்கள். வெளியே வரும் தண்ணீரின் கீழே ஒரு வெள்ளை வாளியை வைத்துப் பாருங்கள். தூள் போகலாம், முழு மணிகள் போகக் கூடாது. போனால் வேகத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும், அல்லது பம்ப் எங்கோ காற்று இழுக்கிறது. பிறகு 5 நிமிடம் ரின்ஸ், அதன் பிறகு வீட்டுக்கு.

மறுநாள் சோதனையில் கிட் காட்டிய மிகக் குறைந்த நிறத்துக்கும் கீழே, அதாவது 0.1க்கும் குறைவு.

இனி எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்? கணக்குப் போடலாம். நாளைக்கு 800 லிட்டர் செலவு, லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் என்றால் 2 கிராம் இரும்பு. துருவாக மாறும்போது எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும், நாளைக்குக் கிட்டத்தட்ட 4 கிராம். எடையில் சிறிது, ஆனால் பஞ்சுபோல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இடம் அடைக்கும். இந்த வீட்டுக்கு 3 நாளைக்கு ஒருமுறை என்று வைத்திருக்கிறோம். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி இருந்தால், வித்தியாசம் அரை பார் ஏறியதும் நாளைப் பார்க்காமல் கழுவுங்கள். காற்றூட்டும் தொட்டியிலும் துரு அடியில் படியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடிக்குழாயைத் திறந்து சேற்றை வெளியேற்ற வேண்டும், பம்பின் வடிகட்டியையும் அன்றே பார்க்க வேண்டும்.

பிர்முக்குப் பதில் கிரீன்சாண்ட் போட்டால் குளோரினுக்குத் தாங்கும், பிஎச் 6.2 வரை இறங்கினாலும் வேலை செய்யும். ஆனால் அதற்குத் தொடர்ந்து குளோரின் சொட்டுவிட வேண்டும், அல்லது அவ்வப்போது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் ஊறவைக்க வேண்டும். ரின்ஸ் போதாவிட்டால் குழாயில் ரோஜா நிறத் தண்ணீர் வரும். அந்தக் கவனிப்பை ஏற்கத் தயாராக இருக்கும் வீட்டுக்குத்தான் அதைச் சொல்வேன். பைரோலுசைட் என்னும் கனமான கறுப்புத் தாதுவை வீட்டு ஃபில்டருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அதைத் தூக்க பிர்மைப்போல் இருமடங்கு வேகம் வேண்டும். அரைக் குதிரைத்திறன் பம்பால் முடியாது.

குழாய்த் தண்ணீருக்கு வெளியில் மணல் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கும் வாளிக் கணக்கு பொருந்தும். மணல் பிர்மைவிடக் கனம், வேகம் இன்னும் சற்றுக் கூடவே வேண்டும். தண்ணீர் வெட்டு முடிந்து வரும்போது, ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் வெளிக்குழாயைத் திறந்து தெளியும்வரை விட்டுவிட்டுப் பிறகு ஃபில்டரைத் திறங்கள். அந்த முதல் பத்து நிமிடத் துருதான் மாதக்கணக்கான அழுக்கைக் கொண்டுவருவது. கிணற்றுக் குழாயையும் ஆயர் சிலாங்கூர் குழாயையும் ஒரே வால்வில் இணைக்காதீர்கள். அழுத்தம் விழுந்தால் கிணற்றுத் தண்ணீர் ஊர்க்குழாய்க்குள் போகும். இரும்பு ஃபில்டர் கிருமியைக் கொல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

வேலை முடிந்ததும் டேங்கின் மேல் அழியாத மையால் எழுதி வைத்தது: பிர்ம் 42 லிட்டர், சரளை 6 லிட்டர். போட்ட தேதி. குளோரின் ஊற்றும் முன் பைபாஸ். தொட்டியில் பிஎச் 6.9. பேக்வாஷ் வாளி 38 வினாடி, 45ஐத் தாண்டினால் பம்ப் வடிகட்டியைக் கழற்றிப் பார்.